மதாமுக்கென்று வாங்கிய காலுறை

இந்த ஊரில் பெரிய கடைக்குப் போகிறவர்கள் காசு எடுத்துக்கொண்டு போவதில்லை. சைகோனிலிருந்து கப்பலேறி வந்து நாங்கள் புதுச்சேரியில் குடியமர்ந்தபோது எனக்கு விநோதமாகப் பட்டது அதுதான். கடற்கரைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர் வீடுகள் இருக்கும் தெருவில் அந்தப் பெரிய கடை இருந்தது, பிரெஞ்சில் மகசேன் என்பார்கள். துணி ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம், வாசனைச் சோப்பு ஒரு பக்கம் என்று எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைக்கும். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அவர்கள் ஒரு கார்த் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு நீல அட்டை. அதைக் காட்டினால் வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். மாதம் முடிந்ததும் என்னென்ன எடுத்தோம் என்று ஒரு தாள் வீடு தேடி வரும். சைகோன் சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாலும் விலை பேசி, கோபித்துக்கொண்டு நாலடி நடந்து, திரும்பி வந்து வாங்கி, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரிவோம். இங்கே வாயைத் திறக்க வேலையே இல்லை. எல்லாவற்றையும் தாள்தான் சொல்லும், அதுவும் பிரெஞ்சில்.

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வரும். பிரெஞ்சு வராது. ஆனாலும் அந்தத் தாள் எனக்குத் தெரிந்தவர் முகம் மாதிரி பழகிப்போயிருந்தது. எப்போதும் நாலு வரி இருக்கும்: ஒயின், சோப்பு, அவருடைய புகையிலை, டின் பால். நீளமான வரி எது, குட்டை எது, கடைசியில் கொக்கி போட்டது எது என்று எனக்கு அத்துபடி. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம், மழை விட்ட ஒரு மாதத்தில் அடியில் புதிதாய் ஒரு குட்டை வரி வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் வீட்டுக்குப் புதிதாய் ஒரு சாமானும் வரவில்லை.

"இது இன்னாங்க புதுசா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "கடைக்காரன் தப்பா எழுதியிருப்பான். நான் போய்க் கேக்கறேன்" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முப்பது வருஷத்துக்குக் குறையாமல் சைகோன் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்தவர் அவர். ஒரு தீப்பெட்டி குறைந்தாலும் வீட்டை இரண்டாக்குவார். வாங்காத சாமானைத் தன் தலையில் எழுதியதற்கு அந்த மனுஷர் இவ்வளவு சாந்தமாகத் தொப்பி போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மாதத் தாளிலும் அதே குட்டை வரி இருந்தது. இந்தத் தடவை நான் கேட்கவில்லை. இரண்டு தாளையும் மடித்து என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன்.

சைகோனில் இருந்தவர்களுக்கு, இன்னும் அங்கேயே இருப்பவர்களுக்கு, நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆண்களில் எத்தனை பேர் அந்த ஊரில் இரண்டாவதாக ஒரு வீடு வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியும். எத்தனை பெண்கள் தெரிந்தும் தெரியாதது போல இருந்தார்கள் என்பதும் தெரியும். நான் அப்படி இருக்கவில்லை. பிள்ளைச்சாவடியில் கட்டுமரம் ஓட்டியவர் மகள் நான். சம்பள நாளில் துறைமுக வாசலிலேயே போய் நிற்பேன். அவரோடு வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே ஒரு வேளைதான் அவர் என் கண்ணுக்கு மறைவாகப் போவார். விடியற்காலையில் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக் காப்பிக் கடைக்குப் போவார். அதை நடத்தியவள் அந்த ஊர்க்காரி ஒருத்தி, புருஷனை இழந்தவள். காப்பி தார் மாதிரி கறுப்பாய் இருக்கும். டின் பாலில் கலந்தால் வாயை விட்டுப் போகாது. எப்படிப் போடுகிறாள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை. சுடச்சுட வீட்டுக்கு வந்தது, குடித்தேன்.

புதுச்சேரிக்கு வந்த புதிதில் இந்த ஊர்க் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். "இது இன்னா கழுநீரா?" என்று டம்ளரைத் தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து அவரே அடுப்பங்கரையில் நுழைந்தார். எனக்கு முழங்கால் வலி, காலையில் எழுந்திருக்க நேரமாகும். அதற்குள் போட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்திருப்பார். முதலில் சுமாராகத்தான் இருந்தது. பிறகு கை பழகிவிட்டதோ என்னவோ, அங்கே குடித்தது போலவே வந்தது. அக்கம்பக்கத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அது வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் செங்கேணி வரைக்கும் போய்விட்டது.

"இன்னாக்கா, உன் ஊட்ல மாமாதான் காப்பி போடறாராமே? ஒரு ரெண்டு நாளைக்கு எங்க ஊட்டுக்கு அனுப்பேன்."

"உன் ஊட்ல போட்டா அது காப்பியா இருக்காதுடி, கருவாட்டுத் தண்ணியா இருக்கும்."

"ஐய! அந்தக் கருவாட்டத்தான நாக்கத் தட்டிக்கினு துன்ற!" என்று கூடையை இறக்கினாள். மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "கேலி போவட்டும். நேத்து மாமாவ அந்தப் பெரிய கடையில பாத்தேன். கவுனு போட்ட பொண்ணு ஒண்ணு இன்னாத்தயோ விரிச்சி விரிச்சிக் காட்டுது. இவுரு கைய உள்ள உட்டு உட்டுப் பாக்கறாரு. நான் கண்ணாடி வழியாப் பாத்தேன்."

"இன்னாத்தடி?"

"ஏதோ துணி. பொம்பளத் துணின்னுதான் தோணுச்சி."

அன்று வாங்கிய மீனை நான் குழம்பு வைக்கவில்லை.

மறுநாள் அவர் கடற்கரைக்குப் போன நேரம் பார்த்து, நல்ல புடவை ஒன்றை உடுத்தி, அட்டையையும் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மகசேனுக்குப் போனேன். யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் தெருவில் ஒருவர் படித்தால் தெருவே படித்த மாதிரிதான். துணிப் பக்கத்தில் நின்ற பெண்ணை எல்லோரும் மம்சேல் என்றுதான் கூப்பிடுவார்கள். தகப்பன் வழியில் பிரெஞ்சு, தாய் வழியில் நம் ஊர். சின்ன வயசு, அழகிதான். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த வரி இன்னான்னு சொல்லு" என்று தாளை நீட்டினேன்.

"இதுங்களா மதாம்? பொம்பளைங்க காலுல போடற நீள உறை. பருத்தி, நல்லா கெட்டியா இருக்கும்" என்று அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து விரித்தாள். தொடை வரைக்கும் வரும், வெள்ளை வெளேரென்று.

"யாருக்குன்னு வாங்கனாரு?"

அவள் என் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். முகம் மலர்ந்து, "மதாமுக்குன்னு சொல்லித்தான் மெசியே வாங்குவாரு. கையை உள்ள விட்டு, இழையெல்லாம் பாத்துப் பாத்து எடுப்பாரு. எனக்கே ஆசையா இருக்கும். அளவு சரியா இருக்குங்களா? காலைப் பிடிக்குதா?" என்றாள்.

என் காலைக் குனிந்து பார்த்தேன். வெடித்த குதிகால், தேய்ந்த மெட்டி. ஜன்மத்தில் அந்தக் காலில் ஓர் உறை ஏறியதில்லை. ஆனால் என் புருஷன் எனக்கென்று சொல்லி வேறொருத்திக்கு வாங்குகிறார் என்பதை இந்தப் பெண்ணின் முன்னால் நான் எப்படிக் காட்டிக்கொள்வது?

"சரியா இருக்கு. பிடிக்கல, ஒண்ணும் இல்ல" என்றேன்.

"இந்த வெயில்ல நானே போடறதில்ல. நீங்க போடறீங்க பாருங்க!" என்று சிரித்தபடி மேசைக்குப் பின்னாலிருந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள். கவுனுக்குக் கீழே வெறுங்கால். அப்படியானால் இவள் இல்லை. ஒரு நிமிஷம் மனசு லேசானது. கடை வாசலைத் தாண்டுவதற்குள் முன்னைவிடக் கனத்துவிட்டது. இவள் இல்லையென்றால் இந்த ஊரில் இன்னும் எத்தனை மதாம்கள் இருக்கிறார்கள்! மாதா கோயிலிலிருந்து வந்த பெண்கள், ரிக்‌ஷாவில் போன கிழவி என்று எதிர்ப்பட்ட அத்தனை பேர் காலையும் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். ஒருவர் முகமும் நினைவில் இல்லை.

அடுத்த நாள் விடிகிற நேரத்தில் அவர் எழுந்ததும் நானும் எழுந்தேன். அவர் பரண்மேலிருந்து எதையோ எடுப்பது கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலுக்கு வந்தேன். அவர் கையில் அந்தக் காலுறை இருந்தது. கறுத்து, ஈரமாய், பாதத்தில் காப்பித்தூள் அடைத்து, கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஒரு கம்பி வளையம் கோத்திருந்தார். அதற்குள் கெண்டியிலிருந்து வெந்நீரை நூல் மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். கீழே பாத்திரத்தில் தார் மாதிரி இறங்கியது.

"அது யாருதுங்க?"

சட்டென்று கெண்டியை நிமிர்த்தினார். "எது?"

"அந்தக் காலு!"

"காலு இல்ல அஞ்சலை. காப்பி" என்றார் பரிதாபமாக. "வேட்டித் துணியில வடிச்சேன், தூளு எறங்குது. தையக்காரன்கிட்ட பை தெச்சேன், தண்ணியே எறங்கல. இதுலதான் சரியா வந்துச்சி. ஆனா சீக்கிரம் நைஞ்சிப் பூடுது."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

"காலுக்குன்னு செஞ்சதுல வடிச்சேன்னு சொன்னா நீ குடிப்பியா? பக்கத்து ஊட்டுக்காரன் செருப்பு நம்ம வாசப்படியில பட்டாலே தண்ணி ஊத்திக் கழுவறவ!"

எந்தக் காலுக்கு வாங்கியது என்று நான் ஊரெல்லாம் தேடினேனோ, அதில் வடித்ததைத்தான் தினமும் சப்புக்கொட்டிக் குடித்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்தும் இருப்பேன். அதற்குள் அவர் பழைய தைரியம் வந்தவராய்ப் பேச ஆரம்பித்தார்.

"இப்பிடித்தான் ஊத்தணும், பாத்துக்க. ஒரே ஊத்தா ஊத்தக் கூடாதுன்னுவா. அவளும் நீளமா ஒரு பையிலதான் வடிப்பா. தெனம் நின்னு பாப்பேன். கை ஆடவே ஆடாது அவளுக்கு."

அவள். பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை, வீட்டு மனுஷியைச் சொல்வது போல வெறும் அவள். சைகோன் தெருமுனைக் காப்பிக் கடையில் எத்தனை விடியலில் நின்று அந்தக் கையைப் பார்த்திருக்கிறார்!

"அவ பேரு இன்னா?"

"பேரா? தெரியாதே" என்றார். அந்தத் தெரியாதே கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது.

டம்ளரை நீட்டினார். தொடக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாசனை விடவில்லை. குடித்தேன். அதே ருசி, ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நகருங்க. நாளையிலேர்ந்து நான் ஊத்தறேன்" என்று கெண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்கிறார் இன்றைக்கும். யார் சொல்லிக் கொடுத்த மெதுவாவோ.

இப்போது மகசேனுக்கு நானே போய், எனக்குத்தான் என்று சொல்லிக் கேட்டு வாங்கி வருகிறேன். ஜோடியாகத்தான் தருவார்கள். ஒன்று வேலைக்கு, மற்றது கஞ்சி போக அலசிக் காயப்போட்டு எடுத்து வைப்பதற்கு. கொல்லைக் கொடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது கடற்காற்று வந்து ஒரே பக்கமாய் இரண்டையும் தூக்கும். ஒன்று எத்தனை அலசினாலும் போகாத காப்பிக் கறையோடு இருக்கும். மற்றது கடையிலிருந்து வந்த வெள்ளை. ஒரே தறியில் ஒன்றாக நெய்ததுதான். இனி எந்தக் காலிலும் சேர்த்துப் போட முடியாது.