நீலத் துணிப் பை

அண்ணை செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து கொஞ்ச நாளில், லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ஐரிஷ்காரர் வந்தார். தலை முழுக்க நரை. கையில் பூங்கொத்து. அண்ணையோடு டப்ளினில் டொக்டருக்குப் படித்தவராம். இருந்து தேத்தண்ணி குடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். படிக்கிற காலத்தில் அவர்கள் நாலு பெடியங்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்களாம். அவர் கிட்டார், எங்கள் அண்ணை ட்ரம். அந்தக் குழுவின் கதையை எழுதப் போகிறாராம். தாங்கள் பதிந்த ஒரேயொரு இசைத்தட்டின் பிரதிகளை எல்லாரும் தொலைத்துவிட்டார்கள், அண்ணை மட்டும் ஒன்றை மலேயாவுக்கு அனுப்பினதாகச் சொன்ன ஞாபகம், அது இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். உடனே எழும்பவில்லை. எனக்கு எதற்கும் அவசரமில்லை.

அப்போது நாங்கள் மலேயாவில், சிரம்பானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஐயா, என் தகப்பன், ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆட்கள் ஆணும் பெண்ணும் படிப்பென்றால் உயிரை விடுவார்கள் என்று ஊரெல்லாம் பேர். எங்கள் வீட்டில் அந்தப் பேரைக் காப்பாற்ற ஒரு ஆளுக்குத்தான் வழி இருந்தது. அண்ணை டப்ளினுக்குக் கப்பலேறினார். நான் மூன்றாம் வகுப்போடு குசினிக்குள் ஏறினேன். அண்ணை இரண்டாம் சோதனை பாஸ் பண்ணட்டும், தங்கச்சியைத் திரும்பக் கொன்வென்ட்டில் விடுகிறேன் என்று ஐயா சொல்லியிருந்தார். ஐயா சொன்னால் சொன்னதுதான் என்று நான் இருந்தேன். கொன்வென்ட் மதரும் அம்மாவிடம், வருகிற தை மாதம் கொண்டுவந்தால் சேர்க்கலாம், அதற்குப் பிறகு வயது கூடிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வருஷக் கடைசியில்தான் தட்டு வந்தது. சின்னக் கறுப்புத் தட்டு. நடுவில் வெள்ளைக் கடதாசி ஒட்டி, அதில் கல்லூரியின் பேரும் அண்ணையின் பேரும் மையால் எழுதியிருந்தது. இது எங்களுடையது, பத்திரமாக வையுங்கள் என்பதற்குமேல் அண்ணை ஒன்றும் எழுதவில்லை. ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

"பிள்ளையின்ர பேச்சைத் தட்டில ஏத்தியிருக்கினம். கல்லூரியின்ர பேரே போட்டிருக்கு, பாருமன்."

அம்மா மெல்லமாக, சோதனை பாஸ் எண்டு எழுதேல்லையே என்றார்.

"பாஸ் பண்ணாதவன்ர குரலை ஆர் பதிவினம்?" என்றார் ஐயா.

அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் புதிதாக வந்த எதற்கும், சைக்கிளுக்குக்கூட, சந்தனப் பொட்டு வைக்காமல் கை படவிடமாட்டார்கள். தட்டும் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏறியது. ஐயா காலையில் குளித்துவிட்டு வந்து சாமிக்கு வைக்கிற கையோடு அதற்கும் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம் வைத்தார். நாள் போகப் போகச் சந்தனம் தடித்து, காய்ந்து, கறுப்பிலும் வழிந்துவிட்டது. பாட்டுப்பெட்டி எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

அம்மா கடைக்குப் போய் நீலத் துணி வாங்கிவந்தார். கொன்வென்ட் நீலம். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்து எனக்குச் சீருடை தைத்தார். வளர்கிற பிள்ளை என்று இடுப்பில் மடிப்பு விட்டு, கீழ்க்கரையில் ஒரு சாண் உள்ளே மடித்து. நான் அதை உடுத்திக்கொண்டு குசினியில் தேங்காய் திருவினேன். கழற்றச் சொல்லி அம்மா ஏசினார், ஆனால் சிரித்துக்கொண்டு ஏசினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐயா ஆட்களைக் கூப்பிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோடு வந்தார். ஐயாவோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருச் சீனப் பல் டொக்டரின், தட்டுப் போடுகிற ரேடியோகிராமை நாலு பேர் தூக்கிவந்து ஹோலில் வைத்தார்கள். வடை, பாயாசம். ஐயா என்னைக் கூப்பிட்டு, அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா, அடுத்தது நீதான் என்று ஆட்களுக்குத் தெரியட்டும் என்றார். நான் ரேடியோகிராமுக்குப் பக்கத்தில் நின்றேன். ஐயா தட்டைப் பூசைத் தட்டத்தில் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் வெளியே கொண்டுவந்தார். பல் டொக்டரின் மகன் அதைப் பார்த்து முழித்தான். துடைக்கட்டுமா என்று கேட்டான். ஐயா வேண்டாம் என்றார்.

முள் இறங்கியது. முதலில் கரகரவென்று சந்தனத்தை உழுதது. பிறகு படாரென்று ட்ரம். கிட்டார் கத்தியது. அதுக்கும் மேலே ஒரு பெடியன் கத்தினான். பிறகு முள் சந்தனத்தில் இடறி, அந்தப் பெடியனின் ஒரு கத்தலையே திரும்பத் திரும்பப் போட்டது.

ஐயா தட்டத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர்தான் பாயாசக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி இருதயத் துடிப்புப் பாடம் படிக்கிறார்போல. கொஞ்சம் சத்தமாப் படிக்கிறார்."

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். தட்டு மாறி வந்திட்டுது என்றார் ஐயா. தபால்காரர் பிழை விட்டிருப்பார் என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டார், பாவம், ஐயாவுக்கு ஒரு கை கொடுக்கத்தான்.

பல் டொக்டரின் மகன் முள்ளைத் தூக்கித் தள்ளி வைத்தான். இந்த முறை ட்ரம் மட்டும் தனியே வந்தது. எனக்கு அது கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அண்ணை கப்பலேற முன்னம் நானும் அவரும் குசினியில் பிஸ்கட் தகரப் பேணியிலும் அரிசிப் பேணியிலும் அடிக்கிற அடி அது. ஓடிவந்து, ஒரு அடியை விட்டு, ஆளை ஏமாற்றி, அடுத்ததில் விழுகிற அடி. அது அண்ணையைத் தவிர ஒருவருக்கும் வராது. எனக்கு வரும்.

"தட்டு மாறேல்லை ஐயா. இது அண்ணைதான்."

சொல்லிவிட்டு நான் கை தட்டினேன். அண்ணை அடித்த இடத்தில் தட்டினேன், அவர் விட்ட இடத்தில் விட்டேன். அத்தனை பேருக்கு நடுவில், புதுச் சீருடையோடு, தட்டு முடியும்வரை தட்டினேன். அண்ணை அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடுகிறார் என்றுதான் எனக்கு இருந்தது. முடிந்ததும் ஐயாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணை அந்த வருஷம் சோதனையில் விழுந்துவிட்டார் என்று பிறகு தெரியவந்தது. திரும்ப ஒரு வருஷம் படிக்க வேண்டும். ஐயா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "அவன் படிச்சு முடிக்கட்டும். இவள் வீட்டில நிக்கட்டும்."

தை வந்தது. அந்தச் சட்டையைத் தாருங்கள், போட்டுப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கத்தரிக்கோலை எடுத்துவந்து மடிப்புகளைப் பிரித்தார். கீழ்க்கரையையும் பிரித்தார். ஒரு சதுரம் வெட்டி, மூன்று பக்கம் தைத்து, தட்டை அதற்குள் போட்டு அலுமாரிக்குள் வைத்தார். மிச்சத் துணி அடுப்புத் துடைக்கப் போயிற்று. அம்மா ஏன் எனக்கு முகத்தைக் காட்டாமல் தைத்தார் என்று நான் யோசிக்கவில்லை. தட்டுக்கு நல்ல வீடு கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

அண்ணை டொக்டராகத்தான் வந்தார். பிந்தி வந்தார், ஆனால் வந்தார். லண்டன் நோர்பரியில் பெரிய வீடு வாங்கினார். எனக்கு மருந்தெல்லாம் அவர்தான் எழுதித் தந்தார். போத்திலில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னோடு இருக்கிற மருமகள்தான் வாசித்துச் சொல்லவேண்டும். அந்தக் குழுவைப் பற்றி அண்ணை ஒருநாளும் என்னோடு கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஐரிஷ்காரர் குழுவின் கதையைச் சொன்னார். கல்லூரி டான்சுக்காகத் தொடங்கினார்களாம். பாடினவரின் தாய் வந்து அவரை ஊருக்கு இழுத்துக்கொண்டு போக, ஒரு வருஷம் நிறைய முன்னமே கலைந்துவிட்டதாம். "நாங்கள் எல்லாரும் அந்த வருஷம் பெயில்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம் அதுதான் என்றார். மருமகளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்.

மேலே போய்ப் பையை எடுத்துவந்தேன். தட்டில் இன்னும் சந்தனக் கறை இருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்காவது இது பிடித்ததா என்று கேட்டார்.

ஓம், ஒரு ஆள் கை தட்டினது என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணையைப் பற்றி நாலு வரி என் கையால் எழுதித் தரச் சொல்லிப் பேனையை நீட்டினார். நான் சும்மா இருக்க, கண்ணாடி மேலேயா இருக்கிறது என்று கேட்டார். ஓம் என்றேன். மூன்றாம் வகுப்பு இங்கிலிஷ் எப்போதோ மறந்துபோயிற்று. தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன், அம்மா சொல்லித் தந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன.

வெளியே மழை. தட்டு நனையாமல் இருக்க அந்தப் பையையும் தரமுடியுமா, நல்ல பழைய துணி என்றார். தட்டைக் கொடுத்தேன். பையைக் கொடுக்கவில்லை. மருமகள் கடைப் பை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் போன பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாவின் தையல் ஒரு இடமும் விடவில்லை. சிரம்பானில் அந்த ஹோலில் நின்ற பிள்ளைக்கு, எந்த அடியில் கை தட்ட வேண்டும், எதில் விடவேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. தன்னுடைய பள்ளிக்கூடக் கதவு சாத்தப்படுகிற சத்தத்துக்குத்தான் தட்டுகிறோம் என்பது மட்டும் தெரியவில்லை.