ஷீட்டுமேல் ஏறிய தங்கச்சி

எங்கள் நகரி ஆந்திராவிலேயே இருக்குமா, மதராஸ் பக்கம் சேருமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. எனக்கு அதுவா கவலை? வேலை ஏவ மூத்தவள் என்னைக் கூப்பிடுகிற நைனா, கொஞ்சுவதற்கு மட்டும் தங்கச்சியைக் கூப்பிடுகிறாரே என்று வயிறு எரிந்துகொண்டிருந்தது.

தறிக்கொட்டகைக்கு நைனா போட்டிருந்தது, யுத்தகாலத்து மிலிட்டரி கேம்ப்பைப் பிரித்தபோது வாங்கிய பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அதன்மேல் வேப்பமரத்துக் கிளை ஒன்று சாய்ந்துவிட்டது. முறிந்து விழுந்தால் ஷீட்டோடு தறியும் போச்சு. சித்தப்பா மரமேறி, கிளையைக் கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்குவதாக ஏற்பாடு. இறங்குகிற துண்டு ஷீட்டில் இடிக்காமல் தள்ளிவிட மேலே ஓர் ஆள் வேண்டும். பெரியவர்கள் கனத்தை ஷீட்டு தாங்காது. அடியில் மரச்சட்டம் ஓடுகிற இடத்தை ஆணி வரிசையை வைத்துப் பார்த்து, அதன்மேல் பலகை போட்டு, தங்கச்சியை ஏற்றினார் நைனா. அவள் இடுப்பில் ஒரு கயிறு. மறுமுனை மேல்கிளை வழியாக வந்து அவர் கையில்.

“நானும் போறேன் நைனா.”

“நீ கனம். கீழயே இரு.”

கனமாம்! அவளைவிட நாலு களி உருண்டை கூடத் துன்னுவேன், அவ்வளவுதான். அவளோ மேலே நின்று மகாராணி மாதிரி சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பின்பக்கச் சுவரில் தொற்றி ஏறி, பலகையாவது மண்ணாவது என்று ஷீட்டுமேல் நாலடி வைத்தேன். மடார்! இடுப்புவரை உள்ளே போய் மாட்டிக்கொண்டேன். காலுக்குக் கீழே வெறும் காற்று, அதற்கும் கீழே தறி.

“யாரும் ஏறாதீங்க!” என்று நைனா கத்தினார். தங்கச்சி பலகை நுனிவரை தவழ்ந்து வந்தாள். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள்.

“ஆடாத அக்கா. என்னயே பாத்துக்கினு இரு.”

என் மார்பைச் சுற்றிக் கட்டினாள். நைனாவும் சித்தப்பாவும் இழுக்க, தொடையெல்லாம் சிராய்ப்போடு வெளியே வந்தேன்.

எல்லோரும் இறங்கியதும் நைனா என்னைத் தொடவில்லை. தங்கச்சியைத்தான் பளாரென்று ஓர் அறை விட்டார். “கயித்த அவுக்கச் சொல்லி யாரு சொன்னது உனக்கு?” என்றவர், அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

பிறந்ததிலிருந்து அடியே வாங்காதவள் வாங்கிய முதல் அடி. எனக்குக் கற்கண்டு துன்ன மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே, அடித்தாலும் அவளைத்தானே கட்டிக்கொள்கிறார் என்று மறுபடி வயிறு எரிந்தது. என்னை இழுத்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவள் இடுப்பில் கயிறில்லாமல் அந்த ஷீட்டுமேல் தனியாக இருந்தாள் என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.