எஸ்தரின் வாளியில் மிதந்த காய்கள்

அன்றைக்குத் தோப்பில் இருந்தது நாங்கள் நான்கு பேர். நான், என் சித்தப்பா மகன் முருகன், சேவூர் எஸ்தர், தோப்புக்குச் சொந்தக்காரரான நயினார். நயினாரின் நாயையும் சேர்த்தால் ஐந்து. அதுதான் கடைசிவரை என்னைப் பார்த்துக் குரைத்தது. மற்றவர்கள் பாதியில் ஓய்ந்துவிட்டார்கள்.

நேற்று என் மனைவி, சூடு இறங்கட்டும் என்று மாம்பழங்களை வாளித் தண்ணீரில் போட்டிருந்தாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா, எண்ணிகினு கீறியா? யாரும் தூக்கிகினு போவல" என்றாள்.

எண்ணவில்லை. ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்தேன். அதைச் சொன்னால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கதை சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சை பயம். கல்யாணப் பட்டு நெய்யத் தறியில் உட்கார வைத்தார்கள். இழை அறுந்துவிடுமோ என்று நெய்வதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். "நீ நெய்யறதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணமே முடிஞ்சிடும்" என்று அப்பா எழுப்பி விட்டுவிட்டார். அப்போதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் கோடையில் ஒரு பிழைப்பு இருந்தது. இரண்டு மூன்று பேர் பணம் போட்டு, ஒரு மாந்தோப்பைப் பிஞ்சிலேயே குத்தகை எடுப்போம். இரண்டு மாதம் காவல் காத்து, பறித்து, வைக்கோலில் பழுக்க வைத்து விற்போம். மாங்காய்ப் பால் பட்டு வெந்த தழும்பு என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. மழை வரும்போது அரிக்கிறது, அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

வந்தவாசி ரோட்டில் நயினாரின் தோப்பை அப்படித்தான் எடுத்தோம். ஆளுக்குப் பத்தாயிரம். எஸ்தர் போட்ட பத்தாயிரம் நர்ஸ் படிப்புக்காகச் சேர்த்தது. ஜூனில் கட்ட வேண்டிய பணம். அவள் தயங்கினாள். "உன் பணத்துக்கு நான் பொறுப்பு" என்று நானேதான் சொன்னேன். யாரும் கேட்கக்கூட இல்லை.

சித்திரை பாதியில் மேற்கே மேகம் கறுத்தது. புயல் என்று முருகனின் செல்போனில் யாரோ அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஒரே காற்றில் முப்பதாயிரமும் தரையில் கிடப்பதாகக் கண்ணில் தெரிந்தது.

மாங்காய் முற்றிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுவது எங்கள் வழக்கம். முற்றியது மூழ்கும். இளசு மிதக்கும். நான் வெயில் படும் பக்கத்தில், முதல் பூவில் பிடித்த பெரிய காய்களாகப் பத்துப் பறித்துப் போட்டேன். பத்தும் மூழ்கின. "எல்லாத்தையும் இன்னிக்கே எறக்கிடலாம்" என்றேன்.

எஸ்தர் நிழல் பக்கம் பறித்துத் தன் வாளியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். "அண்ணா, இங்க வந்து பாருண்ணா. என்துல பத்துக்கு எட்டு மெதக்குது" என்று கூப்பிட்டாள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. "மெதந்தா மெதக்கட்டும். காத்து வந்தா அதுவும் இருக்காது. ஜல்தி பறிம்மா" என்றேன்.

நயினார் வரப்பில் நின்று சொன்னார்: "மரத்துக்கு நாலு பக்கம் கீதுப்பா. நாலுலயும் போட்டுப் பாத்தியா?" நான் அதற்குள் தொரட்டிக் கோலை அடுத்த கிளையில் மாட்டிவிட்டேன். "உங்க காசு, உங்க காய்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இருட்டுவதற்குள் தோப்பை மொட்டையடித்தோம். காற்று வரவில்லை. நாலு தூறல் விழுந்தது, என் தலையில் மட்டும் விழுந்தது போல.

ஆறு நாள் கழித்து வைக்கோலை விலக்கினோம். பழ வாசனையே இல்லை, வைக்கோல் வாசனைதான். பாதிக்கு மேல் தோல் சுருங்கிக் கிடந்தது. ஆரணி மண்டியில் வியாபாரி ஒன்றை அமுக்கிப் பார்த்தார். "இது ஊறுகாய்க்கும் ஆவாது, சாப்பிடவும் ஆவாது. இன்னாத்துக்குப்பா அறுத்தீங்க?" தேறியதை விற்று ஆளுக்கு இரண்டாயிரம் வந்தது.

"உன் பயத்துக்குத்தாண்டா குத்தகை எடுத்தோம்" என்றான் முருகன். எஸ்தர் தன் இரண்டாயிரத்தை எண்ணி முடிந்துகொண்டாள். திட்டியிருக்கலாம். ஜூன் மாதம் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். அங்கேயே இருக்கிறாள், இப்போது சூப்பர்வைசர். நர்ஸ் படிப்பைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொண்டிருப்பேன்.

நயினார் இறந்த பிறகு அவர் பிள்ளைகள் மாமரங்களை வெட்டிச் சவுக்கு போட்டுவிட்டார்கள். சவுக்குக்குக் காவல் வேண்டாம், தொரட்டி வேண்டாம், எங்களைப் போன்றவர்களும் வேண்டாம். வெட்டும்போது வெளியூர் ஆட்கள் லாரியில் வருகிறார்கள், மூன்று நாளில் போய்விடுகிறார்கள். கோடை வந்தால் குத்தகைப் பேச்சுப் பேசிய பிள்ளைகள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அந்த வழியாக வண்டியில் போகும்போது நான் தோப்புப் பக்கம் திரும்புவதில்லை.

எஸ்தருக்கு ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு தடவையும், "உட்டுடுண்ணா, அது எப்பவோ முடிஞ்சிபோச்சி" என்கிறாள். அன்றைக்கு அவள் கூப்பிட்டபோது பத்தடி நடந்து போய் அந்த வாளியைப் பார்த்திருக்கலாம்.

இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு தர வேண்டும்.