ராஜராஜன் வீட்டுக் குழாய்

விக்கிரமங்கலத்துப் பிளம்பர் குருநாதனுக்கு அந்த வீட்டை நினைத்தாலே குமட்டும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு முதலாளியான ராஜராஜன் கட்டியது. ஆள் முகத்தைப் பார்த்துத் திறக்கும் வாசற்கதவு, கைதட்டினால் எரியும் விளக்கு, போனைத் தொட்டால் விலகும் திரைச்சீலை. கழிவறைகள் மட்டும் ஒன்பது. கிட்டே போனால் மூடி தானாகத் திறக்கும். உட்கார்ந்தால் இதமாகச் சுடும். ஒன்பதையும் பொருத்தியவர் குருநாதன்தான். ஆனால், பதினெட்டு மாதம் அங்கே மண் சுமந்த பெண்கள் ஒதுங்கியதெல்லாம் பின்னாலிருந்த கருவேலங்காட்டில். "ஒரு தகரக் கொட்டாயாவது போட்டுக் குடுங்க சார்" என்று அவர்களுக்காகக் குருநாதன் கேட்டதற்கு, "வூட்டு எலிவேஷன், பாக்குற அழகே கெட்டுரும்யா" என்று சிரித்தார் ராஜராஜன்.

செப்டிக் டேங்குக்கு விட்டிருந்த இடத்தில் கடைசி நேரத்தில் நீச்சல்குளம் வந்தது.

"அப்ப கழிவெல்லாம் எங்க சார் போவும்?"

"பின்னால வாய்க்கா இருக்குல்ல. மண்ணுக்கடியில பைப்பக் கொண்டுபோயி விட்டுரு. எவன் பாக்கப் போறான்?"

வாய்க்கால் ஊர் ஏரிக்குப் போகிறது. அது தெரிந்தும் மறுத்துச் சொல்ல குருநாதனுக்கு வாய் வரவில்லை. ஆறங்குலக் குழாயை இறக்கி மண்ணைத் தள்ளி மூடினார். புதுமனைப் புகுவிழாவில் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஏரியில் துணி துவைத்துவிட்டு வந்த மனைவி வளர்மதி, ஈரப் புடவையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. தண்ணியில என்னத்தையோ கலக்குறானுவ. புள்ளைங்க ஒடம்பெல்லாம் சொறி."

மோந்ததும் தெரிந்துவிட்டது. கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தார். சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவினார். அப்படியும் அந்தக் கையைத் தன் கையென்று நினைக்கவே கூசியது.

"நான்தான் பொதச்சேன்" என்றார்.

வளர்மதி ஈரப் புடவையைக் கீழே போட்டாள். "அதையே போயி எழுதிக் குடுங்க."

திங்கட்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். 'குழாய் போட்டவன் நானே, இடத்தைக் காட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதிகாரிகள் வந்த அன்று அவரே கடப்பாரை பிடித்துத் தோண்டினார். நாற்றம் மேலே கிளம்பியதும் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

பால்கனியில் நின்று ராஜராஜன் கத்தினார்: "என் சோத்தத் தின்னுட்டு எனக்கேவா?"

"அந்தச் சோறுதான் சார் இன்னமும் செரிக்கல" என்றார் குருநாதன், நிமிராமலே.

குழாயை அடைத்தார்கள். நீச்சல்குளத்தில் பாதியை இடித்துக் கழிவுத் தொட்டி கட்டினார்கள். பெரிய வீட்டு வேலைக்கு இப்போது குருநாதனை யாரும் கூப்பிடுவதில்லை. மோட்டார் ரிப்பேர், கைபம்பு என்று பிழைப்பு ஓடுகிறது. ஏரி தெளிய ஒரு மழைக்காலம் பிடித்தது. ஊரே இறங்கிக் குளிக்கிறது. அவர் மட்டும் இன்னும் இறங்கவில்லை.