இரண்டு நட்சத்திர மீன்களும் வாவித் தண்ணீரும்

மூன்று வருடங்களுக்கு முன், மட்டக்களப்பில் ஒரு மாரி காலத்தில் இது நடந்தது. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். ஒரே மகள் பல்கலைக்கழகம் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் கை கால் ஓரிடத்தில் நிற்காது. அலுமாரியை அடுக்குவேன், அடுக்கியதையே இழுத்துப் போட்டுத் திரும்ப அடுக்குவேன். அந்தத் தவிப்பில்தான் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, கடலுயிர் வளர்க்கலாம் என்று இறங்கினேன்.

கல்லடிக் கடலில் நானும் கணவரும் பிளாஸ்டிக் கான் கானாகத் தண்ணீர் அள்ளி வந்தோம். மணல் வேலையை மட்டும் யாரிடமும் விடவில்லை. ஏழெட்டுத் தரம் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சீனி போல ஆக்கித் தொட்டியில் பரப்பினேன். பாசிக்குடாப் பக்கமிருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர் இரண்டு நட்சத்திர மீன்களை வாளியில் கொண்டுவந்து தந்தார். உள்ளங்கை அகலம், மணல் நிறம், ஐந்து கைகளின் ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி முள். மணலைக் கிளறிக் கிளறிச் சுத்தமாக வைத்திருக்கும் என்றார்.

தொட்டியில் விட்ட கொஞ்ச நேரத்திலேயே இரண்டும் மணலுக்குள் இறங்கி மறைந்துவிட்டன. பிடித்தது எனக்குச் சனி. உயிரோடு இருக்கின்றனவா, இல்லையா? சமைக்கும்போது கரண்டியோடு ஓடிவந்து பார்ப்பேன். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பேன். பொறுக்கமுடியாமல் கையை விட்டுத் தோண்டி எடுத்துப் பார்ப்பேன். ஒரு கை நெளிந்தால் நிம்மதி. அரை மணித்தியாலத்தில் அந்த நிம்மதியும் போய்விடும்.

"அதுகளச் சும்மா விடு புள்ள. நீ தோண்டித் தோண்டியே சாக்காட்டிப்போடுவாய்" என்றார் கணவர்.

ஐந்தாறு கிழமை போனது. ஒருநாள் தோண்டியபோது ஒன்றின் கை நுனி வெளுத்து, தொட்டதும் பிய்ந்து வந்தது. இறால் துண்டு போட்டேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். தொட்டி விற்ற காத்தான்குடிக் கடைக்காரருக்குப் பதறியடித்து அழைப்பெடுத்தேன்.

"மணலக் கழுவினீங்களா டீச்சர்?"

"ஓம், கொதிதண்ணி ஊத்தி நல்லாக் கழுவினன்."

"மண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்னச் சீவன்களத் திண்டுதான் அது உசிரோட இருக்கும். நீங்க சோத்தக் கழுவி ஊத்திப்போட்டு வெறுங்கோப்பைய வெச்சிருக்கீங்க. கொண்டுபோய்த் தண்ணியில விட்டுருங்க."

அவை பட்டினி கிடந்திருக்கின்றன. பசியில் கிடந்ததைத்தான் நான் நாளுக்கு நாலு தரம் தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு என்னால் ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. ஒரு கிழமையாகக் கொட்டிய மழை காலையில்தான் விட்டிருந்தது. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை, கணவர் வேலைக்குப் போய்விட்டார். பாசிக்குடா போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கல்லடிக் கடலில் மாரி அலை கிட்டப் போக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடலோடு கலக்கும் வாவியின் கரையோ ஐந்து நிமிட நடை. தொட்டித் தண்ணீரோடு இரண்டையும் வாளியில் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கரையில் ஒரு பெண் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருப்பாள். நான் வாளியைச் சரிக்கக் குனிந்தபோது எட்டிப் பார்த்தாள்.

"இது கடல் சாமான் எலுவா? இஞ்சயா விடப்போறீங்க? செத்துப்போகுமே அக்கா."

"ஏன், வாவியும் உப்புத் தண்ணிதானே?" என்றேன், வகுப்பில் பேசும் குரலில்.

"எப்பவும் இல்ல. இப்ப முழுக்க வெள்ளத் தண்ணி. இஞ்ச பாருங்க, வலையில குளத்து மீன்தான் படுது." ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். "ஒருக்கா நாக்குல வெச்சுப் பாருங்க" என்று தன் விரலை நனைத்து முதலில் தானே வைத்தாள்.

நானும் வைத்தேன். மண் ருசி. உப்பு மருந்துக்கும் இல்லை.

வாளியை நிமிர்த்திக் கரையில் வைத்தேன். உப்பு நீரில் வாழும் உயிரை நன்னீரில் போட்டால் தண்ணீர் உடலுக்குள் ஏறி அதைக் கொன்றுவிடும். பிரசாரணம் என்று பெயர் எழுதி, படம் கீறி, அம்புக்குறி போட்டு, பதினெட்டு வருடமாக நான் படிப்பிக்கிற பாடம் அது. வாளியை இன்னும் கொஞ்சம் சரித்திருந்தால் முடிந்திருக்கும்.

"எங்கால எடுத்தீங்களோ அங்கயே கொண்டுபோய் விடுங்க. முகத்துவாரத்தடிக்கும் போகாதீங்க, அங்கயும் இப்ப இந்த வெள்ளம்தான் ஓடுது" என்றாள். பிறகு வலையை அப்படியே போட்டுவிட்டு என்னோடு வீதிவரை வந்தாள். வாளி தளும்பாமல் இருக்கத் தன் தலைத்துண்டை அவிழ்த்து வாய்கட்டித் தந்தாள். பாசிக்குடா என்று நான் சொன்னதும், அந்தப் பக்கம் போகும் வாழைச்சேனை பஸ்ஸை மறித்து ஏற்றியும் விட்டாள்.

மடியில் வாளியோடு இருந்தேன். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்கள் ஏற இறங்க, வாளியை இன்னும் கிட்ட இழுத்து அணைத்துக்கொண்டேன். துண்டை விலக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. அந்தக் கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

பாசிக்குடாவில் முழங்காலளவுத் தண்ணீரில் நின்று, கடல் நீரை ஒவ்வொரு கோப்பையாக வாளிக்குள் விட்டேன். தண்ணீர் சட்டென்று மாறினால் தாங்காது, அவசரப்படக்கூடாது என்று தெரியும். அவசரப்படாமல் நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து இரண்டையும் மணலில் வைத்தேன். ஒன்று ஓரத்து முட்களை அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் தன்மேல் மூடிக்கொண்டது. கை பிய்ந்த மற்றது அசையவில்லை. வெகுநேரம் நின்று பார்த்தேன். இருட்டுக் கட்டி மழை திரும்பப் பிடித்தபோது, அதை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று.

தலைத்துண்டைத் தோய்த்து எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை வாவிக் கரைக்குப் போனேன். அதற்குப் பிறகும் பல தரம் போயிருக்கிறேன். அவளைக் காணவில்லை. பெயரைக் கேட்டு வைத்திருந்தால் விசாரித்திருக்கலாம். அதைக்கூட நான் கேட்கவில்லை.

'எனக்குத் தெரியும்' என்று வாயெடுக்கிற போதெல்லாம் இப்போது ஒரு கணம் தடுமாறுகிறேன், அந்தத் தடுமாற்றம் என்னைவிட்டுப் போகாமல் இருக்கவேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.