நான் திருப்பிப் பாடிய ஒரு வரி

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கத் தெரியாது எனக்கு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. இதை எழுதத்தான் முடிகிறது, நேரில் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் பிறந்த பிள்ளை ஏழாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான். பால் கட்டி மார்பு வலித்ததே தவிர, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கல்லாட்டம் உக்காந்துகினு கீறா பாரு" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்புறம் எங்கள் மலையில் ஒரு சந்தை நாள். ஜமுனாமரத்தூர் டீக்கடை ஓரம் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் டேப்பில் ஒரு கேசட் போட்டார். கீழே போளூர்ப் பக்கத்துப் பாட்டுக் குழு ஒன்று பாடிய அம்மன் பாட்டுகள். அதில் ஒரு பாட்டு, அம்மனையே கைக்குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவது. பாடிய பெண்ணுக்குக் கொஞ்சம் கரகரத்த குரல். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் என் பிள்ளைக்காக அழுதேன்.

அதற்கப்புறம் வாரா வாரம் என்னைப் பார்த்ததும், "தோ, ஒன் பாட்டு போடறேன்மா" என்பார் கடைக்காரர். வாரத்துக்கு ஒரு தரம் அழ முடிந்ததால்தான் மற்ற நாளெல்லாம் எழுந்து நடமாடினேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் மனசுக்குள் என்னென்னவோ பேசுவேன்.

அந்தக் குழுவே ஆடித் திருவிழாவுக்கு மலையேறி வந்தது. கடைசி பஸ்ஸில் மலை இறங்க வேண்டும் என்று மத்தியானமே கச்சேரி வைத்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணச் சேலையைக் கட்டினேன்.

"இன்னா அண்ணி, ஒன்ன பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று நாத்தனார் சிரித்தாள்.

எங்கள் மலையில் ஒருத்தி வரி எடுத்தால் கேட்கிறவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். கல்யாணமானாலும் களை எடுப்பானாலும் அதுதான் முறை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பாடுகிறவளை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். மேடைக்கு வேறு முறை என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதுவரை நான் கச்சேரியே பார்த்ததில்லை.

சினிமாப் பாட்டுகளை வேக வேகமாகப் பாடினார்கள். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பாட்டை எடுத்தாள். முதல் வரி முடிந்தது. வாத்தியம் ஒரு நொடி நின்றது. நான் திருப்பிப் பாடினேன். மற்றவர்களுக்குக் கச்சேரி பழக்கம் போல, என் குரல் மட்டும் மைதானத்தில் தனியாகக் கேட்டது.

அவள் நிறுத்திவிட்டாள்.

"யாரும்மா அது? நான் பாடறதா, நீ பாடறதா? மேல வந்துடேன்!"

மைக்கில் சொன்னாள். கடைத்தெரு ஆட்கள் விசிலடித்தார்கள். தபலாக்காரர் என்னைப் பார்த்து 'தொம்' என்று ஒரு தட்டுத் தட்டினார். அதற்கும் சிரிப்பு.

நாத்தனார் எழுந்துவிட்டாள். "எங்க ஊர்ல இப்டித்தாங்க பாடுவோம்."

"எங்க ஊர்ல கம்முனு கேப்பாங்க" என்றாள் மேடையில் இருந்தவள். பிறகு குழுவின் பக்கம் திரும்பி, "இந்தத் தூங்கற பாட்டு இங்க வேணாம், ஆட்டப் பாட்டு எடுங்க" என்றாள்.

"வா அண்ணி, போலாம். அவ இன்னா பெரிய இவளா?" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். ஆட்டப் பாட்டு முடியும் வரை தலையைக் குனிந்து அங்கேயே கிடந்தேன்.

அடுத்த சந்தையில் கடைக்காரர் வழக்கம்போல் கேசட்டைப் போட்டார். அதே வரி, அதே கரகரப்பு. 'நீ பாடறதா' என்பதுதான் எனக்குக் கேட்டது. கண் காய்ந்தே இருந்தது. பிள்ளையை நினைத்துப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தையின் மறுகோடிக்குப் போய்விட்டேன். அவருக்கு என் மேல் வருத்தம். காரணம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவள் தொட்டிலில் அழும்போது பாட்டு தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். நான் கயிற்றை இழுப்பேன், நாத்தனார் பாடுவாள்.

"நீ ஏம்மா பாடவே மாட்டேங்கற?" என்று விவரம் தெரிந்த வயதில் மகள் கேட்டாள்.

"எனக்கு வராதும்மா" என்றேன்.