குளத்துக்கு அந்தப் பக்கம்

ஜக்கம்மாளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள். புருஷன் இறந்த பிறகு தம்பி பொம்மையன் வீட்டில்தான் வாசம். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்ததால், முட்டி இரண்டும் வலித்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் வந்துவிடுவாள்.

1985 ஏப்ரலில் தலைமையாசிரியர் வேலுசாமி ஒரு சேதி சொன்னார். ஜூனில் பள்ளிக்கூடம் குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. ஒரு மைல் தூரம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜக்கம்மாள் தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பொம்மையன் அவளைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எக்ஸ்ரே படம் பார்த்த டாக்டர், எலும்பு தேய்ந்திருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் நர்ஸ் ரோஸ்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள் ஜக்கம்மாள்.

"ஏற்கெனவே தேஞ்சு போச்சுங்கிறாக. நடந்தா இன்னும் தேயாதாம்மா?"

"தொடைச் சதைதாம்மா முட்டியத் தாங்குது. நடக்காமக் கெடந்தா அது சூம்பிப் போகும். மொதல்ல அஞ்சு நிமிசம், மேடு பள்ளம் இல்லாத எடமாப் பாத்து நடங்க. வாரத்துக்கு அஞ்சு நிமிசம் கூட்டுங்க. நடந்த பெறகு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வலிச்சா, மறுநாள் கொறைச்சுக்கங்க. நிறுத்திப்புடாதீங்க."

மறுநாள் விடியுமுன்பே கிளம்பினாள். யாராவது பார்த்து, சமையல்காரி நொண்டுகிறாள் என்று வேலுசாமி சாரிடம் சொல்லிவிட்டால்? முதல் நாள் இரண்டாவது விளக்குக் கம்பம்வரைதான். ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் மணல் அரைபடுவதுபோல் சத்தம் கேட்டது. தெரு நாய் எழுந்து நின்றபோது, ஓட முடியாதே என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வாரம், கோடை விடுமுறை தொடங்கியிருந்தபோது, வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் நாள் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பதற்றத்தில் ஒரு நாள், நர்ஸ் சொன்னதை மீறிப் புதுக் கட்டடம்வரை போய்விடுவது என்று நடந்தாள். குளத்துக் கரையில் ஏறிவிட்டாள். இறங்கும்போது வலது முட்டி மடங்கிவிட்டது. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

நன்றாக விடிந்தது. சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். யார் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை நாள் பயந்தாளோ, அவரேதான்.

"என்ன ஜக்கம்மா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"சும்மாத்தான் சார். செத்த நேரம் காத்தாட உக்காந்தேன்."

வேலுசாமி அவள் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவள் கரையிலிருந்து இறங்கும்வரை நின்றுவிட்டு, சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலைக்கு வேறு ஆளைக் கேட்டு மனு எழுதியிருப்பாரோ? முட்டி வீங்கிக் கிடந்த நான்கு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி இரண்டாவது கம்பத்திலிருந்து தொடங்கினாள். அந்த வாரக் கடைசியில் சாரின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"சார், எனக்கு முட்டி தேஞ்சிருக்கு. அன்னைக்குப் பொய் சொன்னேன். ஆனா தெனமும் நடந்து பழகுறேன். வேலைய மட்டும் எடுத்துப்புடாதீக."

"எடுக்குறேன்னு யாரு சொன்னா? மூணு வருசமா ஒரு நாள் சோறு பிந்துனதில்லையே."

அவள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "அடுப்ப மேடையாக் கட்டச் சொல்லுவீகளா சார்? தரையில உக்காந்து எந்திரிக்க முடியலை" என்று கேட்டாள்.

"கேட்டுப் பாக்குறேன். முடியும்னு சொல்ல மாட்டேன்."

ஜூனில் பள்ளி திறந்த அன்று, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். கையில் கம்பு. கரையில் ஏறுமுன் ஒரு தடவையும் இறங்கியபின் ஒரு தடவையும் நின்றாள். முட்டி மடங்கவில்லை. போய்ப் பார்த்தால் மூன்று அடுப்பில் ஒன்றுதான் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. சோற்று அண்டாவை அதில் ஏற்றினாள். சாம்பாரைத் தரை அடுப்பில் உதவியாள் அய்யம்மாள் பார்த்துக்கொண்டாள்.

ஓய்வு பெறும்வரை ஜக்கம்மாள் அந்த ஒரு மைலை நடந்தாள். வலி முழுசாகப் போகவில்லை. நாளைக்கு இந்தக் கால் தாங்குமா என்ற பயமும் போகவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே இரண்டு கால்களையும் நீட்டி மடக்கிப் பார்ப்பாள். நீட்டி மடக்க முடிந்தால், மெதுவாகச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்புவாள்.